தற்கொலை, பாவம், மறுமை: மலையகத்தில் மதங்களின் கடமை

பெருந்தோட்டப் பகுதியொன்றில் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும்போது, மரண விசாரணை முடிவடைந்து சடலம் லயத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னரே அங்கு வேறொரு விசாரணை தொடங்கிவிடுகிறது. தப்பு அடிக்கலாமா, கூடாதா? சடலத்தை வீட்டினுள் வைக்கலாமா, நேராக மயானத்துக்கே கொண்டுசென்றுவிட வேண்டுமா? கருமாதி வழமைபோல் நடைபெறுமா? கத்தோலிக்கக் குடும்பமாயின் பங்குத்தந்தை வருவாரா என்ற ஐயம் எழுகிறது. நகரத்து முஸ்லிம் குடும்பமாயின் ஜனாஸா தொழுகை உண்டா, இல்லையா என்ற கிசுகிசுப்புக் கிளம்புகிறது. அவர் ஏன் இறந்தார் என்பதை விட, இறந்து எங்கே போனார் என்பதே பெரும் பேச்சாகிவிடுகிறது. நரகம், பேயாய் அலைதல், மன்னிப்பே இல்லாத பாவம் போன்ற சொற்கள் அந்தக் குடும்பத்தினரின் காதில் விழும்படியாகவே உலவுகின்றன.

இவ்வாறு தீர்ப்பு வழங்குவோர் தம் மதத்தின் பெயராலேயே அதனை வழங்குகின்றனர். ஆனால் அந்த மதங்கள் உண்மையில் கூறுவது இதுதானா என்பதை ஆராய்ந்து பார்ப்பவர்கள் குறைவு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற இடங்களில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. மஸ்கெலியாவுக்கு மேலே எழுந்து நிற்கும் மலையோ சைவர்களுக்குச் சிவனொளிபாதம், பௌத்தர்களுக்கு ஸ்ரீபாதம், முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. கிறிஸ்தவர்களில் சிலர் அதனைத் திருத்தூதர் தோமையாரோடும் தொடர்புபடுத்துவர். 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா அதன்மீது ஏறியது ஆதம் நபியின் பாதச் சுவட்டைத் தரிசிப்பதற்காகவே. பிழை செய்து, வருந்தி, இறைவனால் மன்னிக்கப்பட்ட முதல் மனிதரின் பெயரால் அழைக்கப்படும் மலையடியில் வாழும் மக்களிடையே, மன்னிப்பே கிடையாது என்ற வார்த்தை இத்தனை எளிதாகப் புழங்குவது விசித்திரமே.

தற்கொலையை இம்மதங்களில் எதுவும் அனுமதிக்கவில்லை. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. நாம் இங்கு எழுப்பும் கேள்வி வேறு. தடை யாரை நோக்கிச் சொல்லப்பட்டது? உயிரோடிருப்பவரையா, இறந்து போனவரையா?

இஸ்லாத்தின் நிலைப்பாடு தெளிவானது. உயிர் என்பது இறைவனின் அமானிதம். அதனை முறித்துக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு இல்லை. திருக்குர்ஆனின் நான்காவது அத்தியாயத்தின் 29ஆவது வசனம் இதனைத் தடை செய்கிறது. அவ்வசனம் முடிவடையும் இடம் கவனத்துக்குரியது. தடையை அடுத்து உடனடியாக வருவது இறைவனின் கருணை பற்றிய நினைவூட்டலாகும். நரக நெருப்பு பற்றிய எச்சரிக்கை அதற்கடுத்த வசனத்தில்தான் வருகிறது. அதுவும் வரம்பு மீறலாகவும் அநீதியாகவும் அச்செயலைப் புரிபவரைக் குறித்தே வருகிறது. துன்பத்தின் உச்சத்தில் அறிவு தடுமாறிப்போன ஒருவரை அந்த நிபந்தனைக்குள் அடக்க முடியுமா என்பது சிந்தனைக்குரியது.

தம்மை மாய்த்துக்கொண்டவர் மறுமையிலும் அதே முறையில் வேதனை செய்யப்படுவார் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. அவ்வாறு இறந்த ஒருவருக்கு நபிகளார் (ஸல்) தாமே தொழுகை நடத்தவில்லை என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இவ்விரண்டும் மிம்பர்களில் அடிக்கடி கேட்பவை. அதே ஸஹீஹ் முஸ்லிமில் மூன்றாவது அறிவிப்பொன்றும் உண்டு. அது அரிதாகவே ஒலிக்கிறது. துஃபைல் இப்னு அம்ர் அத்தவ்ஸீ (ரலி) அவர்களுடன் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த ஒருவர், அந்த ஊரின் தட்பவெப்பம் ஒவ்வாமல் நோயுற்றார். வேதனை பொறுக்க முடியாமல் தம் கைகளுக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்டு மரணமானார். பின்னர் துஃபைல் (ரலி) அவரைக் கனவில் கண்டார். தோற்றம் நன்றாக இருந்தது. கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. ஹிஜ்ரத்தின் பொருட்டு இறைவன் தம்மை மன்னித்துவிட்டதாகவும், தாமே கெடுத்துக்கொண்ட கைகளைச் சீராக்க முடியாதெனத் தமக்குக் கூறப்பட்டதாகவும் அவர் தெரிவித்தார். இச்செய்தி எட்டியதும் நபிகளார் செய்தது என்ன? அந்தக் கைகளையும் மன்னித்துவிடுமாறு இறைவனிடம் பிரார்த்தித்தார்கள்.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (மறைவு 1277) தமது விரிவுரையில் இந்த ஹதீஸையே ஆதாரமாகக் கொண்டு, தம்மை மாய்த்துக்கொண்டவர் இறைமறுப்பாளராகிவிட மாட்டார், நிரந்தர நரகவாசி என்று அவரைப்பற்றி முடிவு கூறவும் முடியாது என்று விளக்குகிறார். ஜனாஸா தொழுகையைப் பொறுத்தவரை கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸும் இமாம் அவ்ஸாஈயும் கூடாதென்றனர். மாலிக், அபூஹனீஃபா, ஷாஃபிஈ உள்ளிட்ட பெரும்பான்மையோர் தொழுவிக்கப்பட வேண்டும் என்றே கூறினர். நபிகளார் தாம் நடத்தாது விட்டது உயிரோடிருந்தவர்களுக்கான எச்சரிக்கை என்றும், தோழர்கள் அந்த ஜனாஸாவைத் தொழுதனர் என்றும் இவ்வறிஞர்கள் விளக்கினர். எனவே மஹல்லாவில் ஒரு குடும்பம் தம் பிள்ளைக்குத் தொழுகை உண்டா என்று நடுங்க வேண்டிய அவசியமே இல்லை.

இதனை 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர் இந்நாட்டின் முஸ்லிம் சமயத் தலைமைகள் எடுத்த முடிவுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அப்பாவிகளைக் கொன்றவர்களின் உடல்களை ஏற்க மறுத்தது கொலைக்கு எதிரான அறிவிப்பு. கடனாலும் அவமானத்தாலும் நோயாலும் நொறுங்கிப்போன ஒருவரின் மரணம் வேறு வகையைச் சேர்ந்தது.

கிறிஸ்தவத்தின் வரலாறு இதைவிடக் கடுமையாகத் தொடங்கியது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீனார், கொலை செய்யாதே என்ற கட்டளை தன்னுயிருக்கும் பொருந்தும் என வாதிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவைனாஸ், இது தனக்கும் சமூகத்துக்கும் கடவுளுக்கும் எதிரான குற்றம் என மூன்று காரணங்களை வகுத்தார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, வேண்டுமென்றே தம்மை மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. தோட்டத் துரைமார்கள் தம்முடன் கொண்டுவந்த அங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலிலும் இதே மறுப்பு இருந்தது. ஆனால் 1983இல் வெளியான புதிய கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பில், அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலிலிருந்து இவர்கள் நீக்கப்பட்டனர். 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலோ, கடும் உளநலக் குலைவும் அச்சமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், இவர்களின் நித்திய மீட்பைப் பற்றி நம்பிக்கையிழக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் நம் மூத்தோர் சிலரின் நினைவில் 1917ஆம் ஆண்டுச் சட்டமே அமுலில் இருக்கிறது.

மலையகத்தில் பெரும்பான்மையினரான இந்துக்களிடம் வந்தால் விடை ஒன்றாக இல்லை. மனுதர்ம சாஸ்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம், தம்மை மாய்த்துக்கொண்டோருக்கு நீர்க்கடன் இல்லை என்கிறது. பராசர ஸ்மிருதி அறுபதாயிரம் ஆண்டுகள் இருள் நரகம் என்று கணக்கே போட்டுக் காட்டுகிறது. ஈசாவாஸ்ய உபநிடதத்தின் மூன்றாவது மந்திரத்தையும் பலர் சான்றாகக் காட்டுவர். ஆன்மாவைக் கொல்வோர் இருள் சூழ்ந்த உலகங்களை அடைவர் என்பது அதன் சாரம். ஆனால் ஆதிசங்கரரின் உரையில் அங்கு ஆன்மாவைக் கொல்வோர் எனப்படுவோர் ஆன்ம அறிவில்லாத மாந்தர் அனைவருமே. அப்படிப் பார்த்தால் தீர்ப்புச் சொல்பவரும் அந்த மந்திரத்துக்குத் தப்ப முடியாது.

சைவ சித்தாந்தத்தின்படி உடம்பு இறைவன் தந்தது. வினையை நுகர்ந்து கழிப்பதற்காகத் தந்தது. அதனை இடையில் வீசியெறிவதால் வினை தீர்வதில்லை, அடுத்த பிறவிக்குத் தொடர்கிறது. இது கண்டிப்பான போதனைதான். ஆயினும் நித்திய நரகம் என்ற கருத்துக்கே அங்கு இடமில்லை. எந்த உயிரும் என்றென்றைக்கும் கைவிடப்படுவதில்லை என்பதே சித்தாந்தத்தின் அடிநாதம்.

லயத்தில் வாழும் நம்பிக்கை இந்நூல்களிலிருந்து வந்ததன்று. விதித்த ஆயுள் முடியும்வரை ஆவி அலையும் என்பதும், அது இளையோரைப் பிடிக்கும் என்பதும் நாட்டார் வழக்கு. கோடாங்கியை அழைப்பதும், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட வேண்டாம் என்று தம் பிள்ளைகளைத் தடுப்பதும் இதன் தொடர்ச்சியே. தகப்பனை இழந்த ஒரு சிறுவனுக்கு, உன் தகப்பன் இப்போது பேய் என்று சொல்லப்படுவது எத்தகைய கொடுமை என்பதை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கு ரோதமுனி என்றும், கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துசாமி என்றும் தன் உழைப்புக்கேற்பத் தெய்வங்களையே உருவாக்கிக்கொண்ட சமூகம் இது. ஒரு சடங்கை மனிதாபிமானத்தோடு மாற்றிக்கொள்வது அதற்கு இயலாத காரியமல்ல.

இங்கு நல்லதங்காள் கதையையும் குறிப்பிட வேண்டும். பஞ்சத்தாலும் புறக்கணிப்பாலும் தன் ஏழு பிள்ளைகளோடு மாண்டுபோன அந்தப் பெண்ணை நரகத்துக்கு அனுப்பத் தமிழ்ச் சமூகத்துக்கு மனம் வரவில்லை. அவளுக்காக அழுதது, விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்புப் பகுதியில் கோயிலும் எழுப்பியது. தென்னிந்தியப் பஞ்சங்களிலிருந்து இந்நாட்டுக்கு நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அக்கதையின் பசி அந்நியமானதல்ல. அந்த இரக்கம் போற்றத்தக்கது. ஆனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கு வேறு வழியே இல்லை என்ற தவறான பாடத்தையும் அக்கதை சொல்லாமல் சொல்லிவிடுகிறது. பௌத்த விநயத்தின் மூன்றாவது பாராஜிகை, மனித உயிரைப் பறிக்கும் பிக்குவை மட்டுமன்றி, மரணத்தைப் புகழ்ந்துரைத்து ஒருவரை அதற்குத் தூண்டும் பிக்குவையும் சங்கத்திலிருந்து நீக்குகிறது. சாவை அழகுபடுத்தும் திரைப்படக் காட்சிகளையும் செய்தித் தலைப்புகளையும் எழுதுவோர் அறிந்திருக்க வேண்டிய விதி இது.

இனி இந்நாட்டின் அனுபவத்துக்கு வருவோம். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. அது அன்றைய உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. பத்து ஆண்டுகளில், அதாவது 2005 அளவில், அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பின்னர் மேலும் வீழ்ச்சியடைந்தது. இதற்கிடையில் மக்களின் கடவுள் நம்பிக்கை மாறியதா? வறுமை ஒழிந்ததா? யுத்தம் நின்றதா? எதுவும் இல்லை. மாறியது ஒன்றே. கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகளின் இறக்குமதியை அரசாங்கம் 1995இலும் 1998இலும் தடை செய்தது. 2008 முதல் மேலும் சில இரசாயனங்கள் படிப்படியாக நீக்கப்பட்டன. இரு தசாப்தங்களில் இதனால் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். உலக சுகாதார நிறுவனம் இன்று ஏனைய நாடுகளுக்கு இலங்கையையே உதாரணமாகக் காட்டுகிறது.

இந்தச் செய்தி சுகாதாரத் துறையினருக்கு மட்டும் உரியதன்று; சமயப் போதகர்களுக்கும் உரியது. மரணங்கள் குறைந்த அதே காலத்தில், தமக்குத் தீங்கிழைத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தோரின் தொகை குறையவில்லை. அவர்கள் பிழைத்துக்கொண்டனர், அவ்வளவுதான். பிழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலானோர் மீண்டும் அவ்வழியை நாடுவதில்லை என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் ஒரு பாலத்தில் தடுத்து மீட்கப்பட்ட 515 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1978இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, அவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஆய்வுக் காலத்தில் உயிருடனிருந்தனர் அல்லது இயற்கையாக மரணமடைந்திருந்தனர்.

இதன் பொருள் என்ன? 1994இல் இறந்துபோன ஒரு தொழிலாளியும், 2010இல் அதே மனநிலையில், அதே குடும்பச் சண்டைக்குப் பின் அதே காரியத்தைச் செய்து பிழைத்துக்கொண்ட இன்னொரு தொழிலாளியும் உள்ளத்தால் வேறுபட்டவர்களல்லர். கையில் அகப்பட்ட பொருளின் நச்சுத்தன்மைதான் வேறுபட்டது. பிந்தியவர் இன்று பேரப்பிள்ளையோடு கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ வந்துபோகிறார். முந்தியவரை நாம் நித்திய நரகத்தில் வைத்திருக்கிறோம். பாவம் என்பதற்கு அறிவும் சுதந்திரமும் நிய்யத்தும் வேண்டும் என்று எல்லா மதங்களும் கூறுகின்றன. புத்தி பேதலித்தவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழியின் கருத்து. பெரும்பாலான இம்மரணங்கள் கடவுளை எதிர்த்து நிதானமாக எடுத்த முடிவுகளல்ல. ஒரு மணிநேரத்தின் ஆத்திரமும் அவமானமும், பல வேளைகளில் மதுபோதையும் சேர்ந்து விளைவித்தவை. நீண்டகால மனச்சோர்வால் வந்தவையும் உண்டு. அவை நோயின் கணக்கில் சேர வேண்டியவை.

நரக பயத்தை எடுத்துவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இதற்கு 1897லேயே பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் ஒரு பதில் தந்திருக்கிறார். கத்தோலிக்கமும் புரொட்டஸ்தாந்தமும் தற்கொலையை ஒரே அளவு கண்டித்தன. ஆனால் கத்தோலிக்கரிடையே அது குறைவாக இருந்தது. காரணம் போதனையில் இல்லை, சமூகப் பிணைப்பின் நெருக்கத்தில் இருக்கிறது என்பது அவரது முடிவு. அவரது புள்ளிவிபரங்களில் குறை கண்டவர்கள் பின்னர் உண்டு. எனினும் அடிப்படைக் கருத்து இன்றும் நிலைக்கிறது. மதம் மனிதனைக் காப்பாற்றுவது அவனைத் தனியே விடாமலிருப்பதன் மூலமே. தடையைச் சொல்லுங்கள், உரக்கவே சொல்லுங்கள். வாழ்பவரிடம், உன் உயிர் விலைமதிப்பற்றது என்ற தொனியில் சொல்லுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பம் வாழும் லயத்தில், நெருக்கம் உண்டு, பிணைப்பு இல்லாமற் போயிருக்கலாம். தாய் மத்திய கிழக்கில், தகப்பன் தவறணையில், மூத்த பிள்ளை கொழும்புக் கடையொன்றில் என்று சிதறிய வீடுகள் ஏராளம். நுண்கடன் வசூலிக்க வருபவர் லயத்தின் வாசலில் நின்று பேசும் பேச்சு அடுத்த ஆறு வீடுகளுக்கும் கேட்கும். இவற்றையெல்லாம் பிரசங்கத்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது. கூலியும் காணியும் வீடும் சம்பந்தப்பட்ட விடயங்கள் இவை. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபவனி நினைவூட்டியதும் இந்தக் கணக்கையே.

சட்டம் தன் பங்கைச் செய்துவிட்டது. தற்கொலை முயற்சிக்கு ஒரு வருடம்வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்த தண்டனைச் சட்டக் கோவையின் 302ஆம் பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. பிரித்தானியா 1961இலேயே இதைச் செய்தது; பாகிஸ்தான் 2022இலும் மலேசியா 2023இலும் செய்தன. தூண்டுதல் மட்டுமே இங்கு இப்போதும் குற்றம். இருந்தும், உயிர்தப்பி டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியாவிலோ கட்டிலில் கிடப்பவரின் உறவினர், தவறுதலாக நடந்துவிட்டது என்றே வைத்தியரிடம் கூறுகின்றனர். பொலிஸுக்குப் பயந்தல்ல, லயத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பயந்தே அப்படிக் கூறுகின்றனர். உண்மை மறைக்கப்பட்டால் உளநலப் பிரிவுக்கு அவர் அனுப்பப்படுவதில்லை. பாவத்தைப் பற்றிய நம் பேச்சு சிகிச்சையின் கதவைச் சாத்துகிறது.

வெள்ளிக்கிழமை குத்பாவில் ஒருமுறை துஃபைலின் தோழரின் கதை முழுமையாகச் சொல்லப்படலாம். பங்கில் 1992ஆம் ஆண்டின் போதனை வாசிக்கப்படலாம். கோயில் பரிபாலன சபையும் தோட்டத் தலைவர்மாரும் கூடி, எப்படி இறந்தவராயினும் தப்பும் கருமாதியும் உண்டு என்று தீர்மானிக்கலாம். பதினாறாம் நாளுக்கும் நாற்பதாம் நாள் கத்தத்துக்கும் பின்னர் அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை. போக வேண்டிய காலம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருபத்துநான்கு மணிநேரமும் இயங்குகிறது. 1974 முதல் இயங்கிவரும் சுமித்ராயோ அமைப்பும் மனம் நொந்தவர்களின் பேச்சுக்குச் செவிசாய்க்கிறது. இந்த 1926, தமிழில் எழுதப்பட்டு, கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலோ தேவாலய வாசலிலோ ஒட்டப்பட்டுள்ள தோட்டங்கள் எத்தனை என்று நம் சமயத் தலைவர்கள் இந்த வாரமே எண்ணிப் பார்க்கலாம்.